படிவத்தில் மூன்றாவது கட்டம்

எங்கள் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளின் சொந்தக்காரர்கள் எல்லாரும் தேர்வு மாதத்தில்தான் சாவார்கள். தாத்தா சாவார், சித்தப்பா சாவார், சில சமயம் ஒரே தாத்தா இரண்டு தரம் சாவார். ஒருமுறை ஒரு பையனிடம், "எங்கே உன் தாத்தாவோட மரணச் சான்றிதழ்?" என்று கேட்டதற்கு, "பிழைச்சிட்டார் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கேட்டவர் மனாங் நெமி. முழுப்பெயர் நெமேசியா. எங்களுக்கெல்லாம் அக்கா முறை, அதனால் மனாங். பதிவாளர் அலுவலகத்தில் முதல் ஜன்னல் அவருடையது, இரண்டாம் ஜன்னல் என்னுடையது. பதினாறு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முத்திரை குத்தியிருக்கிறேன். காகிதம் இல்லாமல் யார் வந்து நின்றாலும் முகத்தை நிமிர்த்திப் பார்க்க மாட்டார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'சுவர்'. அது அவருக்கும் தெரியும். "சுவர் இல்லாட்டி கூரை எங்க நிக்கும்?" என்பார்.

அப்போது விதி நாற்பத்தொன்று என்று ஒன்று இருந்தது. வகுப்புகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வராதவன் பெயர் பட்டியலிலிருந்து அடிபடும். அடிபட்டால் மறுபடி நுழைவுத் தேர்வு எழுதி, முதல் வருடத்துப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றுதான் உள்ளே வர வேண்டும். தப்பிக்க இரண்டே வழி. விடுப்புப் படிவத்தில் இரண்டு கட்டம் போட்டிருக்கும். ஒன்று, 'ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டேன்.' இன்னொன்று, 'நெருங்கிய குடும்பத்தில் மரணம்.' ஆஸ்பத்திரிச் சீட்டை அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். மரணச் சான்றிதழுக்கு மட்டும் முப்பது நாள் அவகாசம். முப்பது நாளில் தேர்வு முடிந்துவிடும். அதனால்தான் இத்தனை சாவு.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜோவனி என்ற மூன்றாம் வருடத்துப் பையன் மனாங் நெமியின் ஜன்னலுக்கு வந்தான். விவசாயப் பொறியியல் படிக்கிறவன். ஒல்லி. சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். படிவத்தை நீட்டினான். ஐந்து வாரம் வரவில்லை. இரண்டாம் கட்டத்தில் டிக். உறவுமுறை: தந்தை.

மனாங் நெமி அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தார்.

"விர்ஜிலியோவா? பேண்டுல டிராம்போன் வாசிப்பாரே, அந்த விர்ஜிலியோவா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா மேடம்."

"எப்பப்பா?"

"இன்னிக்குக் காலைல."

ஐந்து வாரம் வராததற்கும் இன்று காலைச் சாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் விட்டவர் மனாங் நெமி என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, பையன் போன பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முந்தின வருஷம் ஊர்த் திருவிழாவுல அந்த மனுசன் வாசிச்சான் பாரு. நான் ஆடினேன், ஆர்செனியோ. முப்பது வருஷத்துக்கு அப்புறம் ஆடினேன்."

வெள்ளிக்கிழமை மதியம் துக்கம் விசாரிக்கக் கிளம்பினோம். அலுவலகத்தின் சார்பாக மூன்றடி மலர்வளையம். குறுக்கே வெள்ளை நாடாவில் தங்க நிற எழுத்தில் 'விர்ஜிலியோ தோரெஃபியெல்'. ஒரு டின் பிஸ்கட்டும் காபித்தூளும் வாங்கிக்கொண்டோம். அடக்கம்வரை இரவெல்லாம் சவத்தோடு விழித்திருப்பது எங்கள் ஊர் வழக்கம்; நான்கு நாளாக விழித்திருக்கிற வீட்டில் அதுதான் தேவைப்படும். பக்கப்பெட்டி வைத்த மோட்டார் டிரைசைக்கிளில் மனாங் நெமி பெட்டிக்குள் உட்கார, நான் ஓட்டுநருக்குப் பின்னால் மலர்வளையத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வழியில் பார்த்தவர்களெல்லாம் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

கடற்கரையை ஒட்டிய தெருவில் கடைசி வீடு. பந்தல் இல்லை, விளக்கு இல்லை, விழித்திருக்கச் சீட்டு ஆடுகிற கூட்டம் இல்லை. முற்றத்தில் வாத்துகள்தான் நின்றன. மனாங் நெமி கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது. பனியனும் அரைக்கால் சட்டையுமாக, கையில் தவிட்டுக் கிண்ணத்தோடு, இறந்துபோனவர் நின்றார்.

நான் மலர்வளையத்தை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தேன். மூன்றடி வளையம் எப்படி ஒளியும்?

"யாருக்குங்க அது?" என்று கேட்டார்.

அவர் எட்டி நாடாவைப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இது நான்ல?"

"நீங்கதான்," என்றார் மனாங் நெமி.

"எப்ப?"

"செவ்வாக்கிழமை காலைல."

"செவ்வாக்கிழமை நான் சந்தையில மீன் வாங்கிட்டிருந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "முந்நூறு சாவுக்கு வாசிச்சிருக்கேன் மேடம். என் சாவுக்கு மட்டும் எனக்கு யாருமே சொல்லல."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மனாங் நெமியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் படிவத்தைப் பையிலிருந்து எடுத்து விர்ஜிலியோவிடம் நீட்டினார். மகனின் கையெழுத்தைப் பார்த்ததும் அவர் முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது. உள்ளே திரும்பி, "ஜோவனி" என்று கூப்பிட்டார். கத்தவில்லை.

பையன் வந்தான். அவன் கண் முதலில் மலர்வளையத்தில் பட்டது. பிறகு மனாங் நெமி மேல், பிறகு அப்பா மேல். சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏண்டா என்னைக் கொன்ன?" என்று அப்பா கேட்டார். "ஒரு மாமன் இருக்கான்ல, நமக்கு எதுக்கும் ஆகாதவன். அவனைக் கொல்லக்கூடாதா?"

"மாமா நெருங்கிய குடும்பத்துல வர மாட்டார்ப்பா. விதியில இல்ல."

அப்போது மனாங் நெமி சிரித்தார். சட்டென்று, தன்னை மீறி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு. பதினாறு வருடத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. அது அப்பாவுக்குத் தொற்றியது, எனக்குத் தொற்றியது. பையன் மட்டும் சிரிக்கவில்லை. அழ ஆரம்பித்தான். அவன் அழுவதைப் பார்த்து நாங்கள் மூவரும் அடங்கினோம்.

அழுகைக்கு நடுவே, ஜனவரி கடைசியிலிருந்தே தூக்கம் இல்லை என்றான். சாப்பாடு மண் மாதிரி இருந்ததாம். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, கல்லூரிக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, படகுத்துறையில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பானாம்.

"காய்ச்சல் இல்ல மேடம். எங்கயும் அடிபடல. ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன சொல்றதுன்னு தெரியல. ஃபாரத்த எடுத்துப் பாத்தேன். ரெண்டு கட்டந்தான் இருந்துச்சு. நான் ரெண்டுலயும் இல்ல."

அப்பா மகனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவன் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டார். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்லடா" என்றார். "நீ ஒவ்வொரு நாளும் நல்லாப் படிச்சியான்னு கேட்டப்பா" என்றான் பையன். அவ்வளவுதான்.

அந்த வீட்டம்மா சந்தையிலிருந்து திரும்பி, முற்றத்தில் கணவன் பேரில் மலர்வளையத்தைப் பார்த்துப் போட்ட கூச்சல் தனிக்கதை. அடங்கியதும் எங்களைச் சாப்பிடாமல் அனுப்ப மறுத்துவிட்டாள். துவரையும் பலாக்காயும் பன்றிக்கறியும் போட்ட குழம்பு. மனாங் நெமி இரண்டு தட்டு சாப்பிட்டார். கிளம்பும்போது மலர்வளையத்தை விர்ஜிலியோ திருப்பித் தரவில்லை. "எம் பேரு போட்டிருக்கே" என்று சுவரில் மாட்டிக்கொண்டார்.

விதிப்படி பொய்ப் படிவம் கொடுத்தவனைக் கல்லூரியை விட்டே நீக்க வேண்டும். திங்கட்கிழமை மனாங் நெமி அந்தப் படிவத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு அலமாரியைத் திறந்து, அந்தப் பருவத்தின் மரணப் படிவங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். அறுபத்து மூன்று.

"இதுல எத்தனை பேர் செத்தாங்கன்னு நினைக்கிறே?"

"பத்து இருக்குமா மனாங்?"

"மத்தது எல்லாம் நாம கொன்னது. கட்டம் போட்டது நாமதானே?"

என்னையும் கூட்டிக்கொண்டு நேராகக் கல்லூரியின் மனநல ஆலோசகர் ஃப்ளோராமியின் அறைக்குப் போனார். ஆயிரத்து இருநூறு பிள்ளைகளுக்கு ஒரே ஆலோசகர். அதிலும் பாதி நாள் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பார், மீதி நாள் அழகிப் போட்டிக்கு ஒத்திகை நடத்துவார். நாங்கள் போனபோது ஒரு பெண்ணுக்குக் கிரீடம் பொருத்திக்கொண்டிருந்தார். மனாங் நெமி விஷயத்தைச் சொன்னதும் கிரீடத்தைக் கீழே வைத்தார்.

"மேடம், நாட்டுல சட்டமே இருக்கு. ஒவ்வொரு கல்லூரியும் பிள்ளைங்க மனநலத்துக்குன்னு ஒரு கொள்கை எழுதணும். நான் மூணு தரம் எழுதிக் கொடுத்தேன். மூணு தரமும் 'ஆய்வுல இருக்கு'ன்னு வந்துச்சு."

"எந்த வழியா அனுப்பினே?"

"டீன் வழியா."

"அதான் தப்பு. கல்விக்குழுவுக்கு நேரா ஒரு காகிதம் போகணும்னா அது என் ஜன்னல் வழியாத்தான் போகணும். எடுத்துட்டு வா."

மூன்று வாரம் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினார்கள். என்ன செய்ய வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. மனசு சரியில்லாத பிள்ளை காகிதம் எதுவும் காட்டாமல் பத்து நாள் விடுப்பு எடுக்கலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு வருடம்வரை போய்விட்டு அதே இடத்துக்குத் திரும்பலாம், ஆலோசகர் ஆலோசகர் வேலையை மட்டும் பார்க்க வேண்டும். சண்டையெல்லாம் மூன்றாவது கட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான். ஃப்ளோராமி புத்தகத்திலிருந்து நீளமான பெயர்கள் கொண்டுவந்தார். மனாங் நெமி ஒவ்வொன்றையும் அடித்தார். "மனசு உடைஞ்சு வர்றவன் அகராதியத் தேடுவானா?" கடைசியில் ஜோவனியையே கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் யோசித்து, "'இப்போதைக்கு முடியவில்லை'ன்னு போடுங்க மேடம்" என்றான். அதையே போட்டார்கள்.

ஏப்ரலில் கல்விக்குழு கூடியது. குறிப்பெடுக்க நானும் உள்ளே இருந்தேன். தீர்மானம் வாசித்து முடியும் முன்பே பொறியியல் டீன் டாக்டர் பால்மெஸ் கையைத் தூக்கிவிட்டார். கெட்டவர் இல்லை. காலை ஏழு மணி வகுப்புக்கு ஆறே முக்காலுக்கு வந்து நிற்கிறவர். எல்லாரும் அப்படி இருக்க முடியும் என்று நம்புகிறவர்.

"காகிதம் வேண்டாம்னா எல்லாப் பயலும் டிக் பண்ணுவான். தேர்வு மண்டபம் காலியாயிடும்."

மனாங் நெமி எழுந்தார். "இப்பவும் எல்லாரும் டிக் பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க சார். இந்தப் பருவத்துல மட்டும் அறுபத்து மூணு சாவு. என்ன வித்தியாசம்னா, இப்ப டிக் பண்ண ஒரு ஆளைக் கொல்ல வேண்டியிருக்கு."

குழு சிரித்தது. டீன் சிரிக்கவில்லை. "சாவெல்லாம் பொய்ங்கறதுக்கு என்ன ஆதாரம்? ஒரு உதாரணம் சொல்லுங்க பாப்போம்."

"வெளியில நிக்கிறார் சார்."

நான் போய்க் கதவைத் திறந்தேன். விர்ஜிலியோ பேண்டு சீருடையில் வந்தார். நீலக்கோட்டு, தங்கப் பொத்தான். நடுவில் வந்து நின்று வணங்கிவிட்டு, "மார்ச் மாசம் செத்துப்போனவன் நான்தாங்க" என்றார்.

கல்லூரித் தலைவி மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். வேதியியல் பேராசிரியர் ஒருவர் தண்ணீரைத் துப்பிவிட்டார். சிரிப்பு அடங்கும்வரை விர்ஜிலியோ பொறுமையாக நின்றார். மேடையில் நிற்கப் பழகினவர்.

"எம் பையன் பொய் சொன்னது தப்பு. அதை வீட்டுல பேசிட்டோம். ஆனா ஒண்ணு சொல்லணும். அஞ்சு வாரம் அவன் பையத் தூக்கிட்டு என் கண்ணு முன்னாடிதான் கிளம்பினான். எனக்குத் தெரியல. இங்க உங்க கண்ணு முன்னாடி அவன் நாற்காலி காலியா இருந்துச்சு. உங்களுக்கும் தெரியல. அவனுக்கே அது என்னன்னு தெரியல. தெரியாத ஒண்ணுக்கு அவன் எங்க போய்க் காகிதம் வாங்குவான்? அவன் என்னைக் கொன்னான், இந்தம்மா மாலையோட வந்தாங்க, எங்களுக்குத் தெரிஞ்சுது. வேற மாதிரித் தெரிஞ்சிருந்தா..." கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, "வேற மாதிரித் தெரியல. அது போதும் எனக்கு" என்றார்.

டாக்டர் பால்மெஸ்தான் முதலில் பேசினார். குரல் இறங்கியிருந்தது.

"பத்து நாள் கழிச்சும் சரியாகலன்னா?"

"நான் போய்ப் பாப்பேன் சார்," என்றார் ஃப்ளோராமி. "படம் எடுக்கற வேலைய வேற யாருக்காவது கொடுத்தீங்கன்னா."

"பொய்ப் படிவம் கொடுத்த மாணவன் மேல நடவடிக்கை?" என்று தலைவி மனாங் நெமியைப் பார்த்துக் கேட்டார்.

"பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்கணும் மேடம். எங்க பதிவேட்டுப்படி அவர் உயிரோட இல்ல."

ஒரு வருடத்துக்குச் சோதனையாக நடத்துவது என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து இரண்டு ஓட்டு. அதில் ஒன்று டீனுடையது. "எனக்கு இன்னும் நம்பிக்கை வரல, பொய் சொல்ல மாட்டேன்" என்று சொல்லித்தான் கையைத் தூக்கினார். ஆனால் கூட்டம் முடிந்ததும் விர்ஜிலியோவிடம் போய்க் கைகொடுத்துவிட்டு, "பையனை என் அறைக்கு வரச் சொல்லுங்க, விட்டுப்போன பாடத்தைப் பாத்துக்கலாம்" என்றார்.

ஆகஸ்டில் புதிய படிவம் வந்தது. முதல் நாள் எங்கள் ஜன்னலில் கூட்டம் வெள்ளமாக வரும் என்று இரண்டு மை அட்டை கூடுதலாக வைத்துக்கொண்டேன். இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்த பெண் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, அதற்குக் கீழே நெருக்கி நெருக்கிக் காரணம் எழுத ஆரம்பித்தாள். மனாங் நெமி அவள் பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

"எழுத வேண்டாம் இந்தாய்," என்று எங்கள் பக்கம் மகளைக் கூப்பிடுகிற சொல்லால் சொன்னார். "வீட்டுக்குப் போய்த் தூங்கு."

"அப்ப நீங்க எப்படி நம்புவீங்க மேடம்?"

"என் வேலை முத்திரை குத்தறது. நம்பறதைச் சேத்துக் குத்திட்டேன், போ."

அந்தப் பருவத்தில் மொத்தம் ஐம்பத்தெட்டுப் பேர் டிக் போட்டார்கள். சாவு ஏழாகக் குறைந்தது. அந்த ஏழு வீட்டுக்கும் மனாங் நெமி நேரில் போய் வந்தார். ஏழும் நிஜம். ஐம்பத்தெட்டில் பொய் இல்லாமல் இருக்குமா? கைப்பந்துப் போட்டி பார்க்கப் போன ஒருவன் எனக்கே தெரியும். மனாங் நெமியிடம் சொன்னேன். "போகட்டும். யாரையும் கொல்லாமப் போனான்ல?" என்றார். சோதனை வருடம் முடிந்தபோது அதை நிரந்தரமாக்க ஓட்டெடுப்பு நடந்தது. இந்தத் தரம் எதிர்த்து ஒரே ஓட்டு. அது டீனுடையது இல்லை.

ஜோவனி ஒரு வருடம் முழுக்க விடுப்பில் இருந்தான். ஃப்ளோராமி அவனை நகரத்து மருத்துவரிடம் அழைத்துப் போனார், மாத்திரை கொடுத்தார்கள். புதன்கிழமைகளில் கல்லூரிக்கு வந்து ஃப்ளோராமியோடு ஒரு மணிநேரம் பேசிவிட்டுப் போவான். ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. நன்றாக இருந்த மாதமும் உண்டு, வாத்துகளுக்குத் தீவனம் போடக்கூட எழாத மாதமும் உண்டு. அடுத்த ஆகஸ்டில் அதே பதிவெண்ணோடு திரும்பி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். ஐந்து வருடப் படிப்பில் அவனுடைய பழைய வகுப்புப் பிள்ளைகள் அப்போது கடைசி வருடம். மதியச் சாப்பாட்டுக்கு அவனைத் தேடி வந்து தங்களோடு இழுத்துக்கொண்டு போவார்கள். "தாத்தா" என்று கூப்பிடுவார்கள். அவனும் திட்டிக்கொண்டே போவான்.

போன மாதம் பட்டத்துக்கான காகிதங்களில் கையெழுத்து வாங்க வந்தான். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். மேல் பொத்தான் திறந்திருந்தது. மனாங் நெமி அவன் காகிதங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நூலகத்தில் புத்தகப் பாக்கி இல்லை என்கிற சீட்டு குறைந்தது. "இது இல்லாம முடியாது, போய் வாங்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பினார். அவன் சிரித்துக்கொண்டே வெயிலில் ஓடினான்.

அவன் திரும்பி வருவதற்குள் டாக்டர் பால்மெஸ் ஜன்னலுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு வரைவுத் தீர்மானம். காலை ஏழு மணி வகுப்பை ஒன்பதுக்கு மாற்ற வேண்டும், பிள்ளைகள் தூங்க வேண்டும் என்று மனாங் நெமியும் ஃப்ளோராமியும் சேர்ந்து எழுதினது. வரிக்கு வரி சிவப்பு மையால் அடித்திருந்தார்.

"ஒன்பது மணின்னா நாள் பாதி போயிடும். எட்டு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட முடியாது."

"எட்டரை," என்றார் மனாங் நெமி.

"எட்டேகால்."

"சார், உங்களுக்குப் பின்னாடி வரிசை நிக்குது. கேன்டீனுக்குப் போங்க, நான் வர்றேன், பேசிக்கலாம்."

அவர் பையை எடுத்துக்கொண்டு, ஜன்னலை என்னிடம் விட்டுவிட்டு எழுந்து போனார். போகும்போது டீனுக்குக் கேட்கும்படி, "காபி நீங்க வாங்கிக் கொடுத்தா எட்டு இருபது" என்று சொல்லிக்கொண்டே போனார்.